கட்சி சாராத குழுவாக கிராம சபையில் வேலை செய்வது எப்படி?

தெற்குத்தெரு (கேள்வி)

வணக்கம். நாலு குக்கிராமம் சேர்ந்த ஊராட்சி, மக்கள்தொகை 2,700 சொச்சம். கட்சி வாடை இல்லாமல் ஒரு மக்கள் குழு தொடங்குகிறோம், இப்போதைக்கு 14 பேர். கிராம சபை பேருக்கு நடக்காமல் நிஜமாக நடக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

சில சந்தேகம். கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் வர வேண்டியவர்கள், எத்தனை பேர்? அதிகாரிகள் கொண்டுவரும் கூட்டப்பொருளில் நம் விஷயத்தை எப்படிச் சேர்ப்பது? 2025 ஜனவரி 5-ஓடு தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்த மாவட்டம் எங்களுடையது. மனுவை யாரிடம் கொடுப்பது? எது பேசினாலும் "நீ எந்தக் கட்சி ஆள்?" என்றுதான் முதல் கேள்வி வருகிறது. இதை எப்படிச் சமாளிப்பது? குழுவைப் பதிவு செய்தே ஆக வேண்டுமா? சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் தருகிறேன் என்கிறார்கள், வாங்கலாமா?

படிவம்30

கோரம் உங்களுக்கு 100 பேர். 25.9.2006 தேதியிட்ட ஊரக வளர்ச்சித் துறை அரசாணை 130-இன்படி மக்கள்தொகை 500 வரை 50 பேர், 501 முதல் 3,000 வரை 100, 3,001 முதல் 10,000 வரை 200, அதற்கு மேல் 300.

இந்த 100 பேரும் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களாக இருக்க வேண்டும். ஊரில் சொந்த வீடு இருந்தும் ஓட்டை சென்னைக்கு மாற்றிக்கொண்டவர் சபை உறுப்பினர் இல்லை. உங்கள் 14 பேரில் எத்தனை பேருக்கு உள்ளூரில் ஓட்டு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஊருக்கே திரும்பி வந்துவிட்டவர் ஓட்டை மாற்ற படிவம் 8, புதிதாகச் சேர படிவம் 6. எதிராளி முதலில் கை வைப்பது இந்த இடத்தில்தான்: "உனக்கு இந்த ஊரில் ஓட்டே இல்லையே, நீ யார் பேச?"

வருடத்துக்கு 6 கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 2022 வரை நாலுதான் இருந்தது. தண்ணீர் தினமும் உள்ளாட்சி தினமும் அப்போது சேர்ந்தவை. ஏழு நாள் முன்னதாக இடமும் நேரமும் அறிவிக்க வேண்டும். தண்டோரா போடுவதை 2022-இல் அரசே நிறுத்தச் சொல்லிவிட்டது, இப்போது ஒலிபெருக்கிதான். நடைமுறையில் ஆட்டோ மெயின் ரோட்டில் ஒரு சுற்று போய்விட்டுத் திரும்பிவிடும். காலனிக்கும் கடைசிக் குக்கிராமத்துக்கும் சத்தமே போகாது. அந்த இடங்களுக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்வதை உங்கள் குழு எடுத்துக்கொள்ளலாம். கட்சிக்காரர் யாரும் போட்டிக்கு வராத வேலை அது. கூட்டம் சுழற்சி முறையில் எல்லாக் குக்கிராமத்திலும் நடக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். ஒரே இடத்தில் ஆறு முறையும் நடந்தால் மற்ற மூன்று ஊர்க்காரர்களுக்கு அது அந்த ஊர்க் கூட்டம்.

தலைவர் இல்லாத காலத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பிடிஓ (கிராம ஊராட்சி) தான் தனி அலுவலர். அவர் பொறுப்பில் முப்பது நாற்பது ஊராட்சி, எல்லாவற்றிலும் ஒரே நாளில் கிராம சபை. ஆகவே உங்கள் ஊருக்குப் பெரும்பாலும் பற்றாளர் என்று, அவருக்குப் பதிலாகக் கூட்டத்தைக் கவனிக்க ஓர் அலுவலர் வருவார், அவருக்கு ஊர் தெரிந்திருக்காது. மனுவை கூட்டத்தன்று அவர் கையில் திணிப்பதில் பயனில்லை. 15, 20 நாள் முன்னதாகவே பிடிஓ அலுவலகத்தில் தனி அலுவலர் பெயருக்குக் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். ஊராட்சிச் செயலருக்கு ஒரு நகல். ஒரு மனுவில் ஒரு பொருள் மட்டும். பத்துக் கோரிக்கையை ஒரே தாளில் எழுதினால் "பரிசீலிக்கப்படும்" என்று ஒரே வரியில் பத்தும் முடிந்துவிடும்.

சென்னையிலிருந்து வரும் கூட்டப்பொருள் பட்டியலின் கடைசியில் "இதர பொருட்கள்" என்று ஒன்று இருக்கும். உங்கள் விஷயம் நுழையும் கதவு அதுதான். ஆனால் அது வரும்போது மணி ஒன்றாகியிருக்கும், பாதிப் பேர் சாப்பிடப் போயிருப்பார்கள். கடைசி வரை உட்கார 30 பேரைத் தயார் செய்வது, ஆரம்பத்தில் 100 பேரைக் கூட்டுவதைவிட முக்கியம்.

தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். "ஊருக்குக் குடிநீர் வசதி செய்து தர வேண்டும்" என்பது தீர்மானம் இல்லை, வேண்டுதல். இப்படி இருக்க வேண்டும்: "மேலத்தெரு 30,000 லிட்டர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் அடிப்பகுதியில் வெளியேற்று வால்வு பழுதடைந்து தண்ணீர் கசிவதால், அதை ஊராட்சிப் பொது நிதியிலிருந்து 30 நாளுக்குள் மாற்றவும், நடவடிக்கை விவரத்தை அடுத்த கிராம சபையில் வாசிக்கவும் தீர்மானிக்கப்பட்டது." எந்த இடம், என்ன பழுது, எந்த நிதி, எத்தனை நாள் என்ற நாலும் அதில் இருக்கின்றன. அடுத்த சபையில் வாசிக்க வேண்டும் என்ற கடைசிப் பகுதியை விடவே கூடாது, அடுத்த கூட்டத்தில் நீங்கள் பிடித்துக்கொள்ளப் போகும் கயிறு அது.

எந்த அலுவலகம் என்று தெரியாமல் எழுதினாலும் வீண். கண்மாயின் பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்குக் கீழே என்றால் பொதுவாக ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத் துறை. ஆக்கிரமிப்பை அளந்து எடுக்க தாசில்தாரும் சர்வேயரும். டாஸ்மாக் கடையை எடுக்கச் சொல்லி தீர்மானம் போடலாம், கலெக்டரிடமும் நீதிமன்றத்திலும் அதற்கு எடை உண்டு. அதனாலேயே மறுநாள் கடை மூடிவிடும் என்று மக்களிடம் சொல்லிவிடாதீர்கள். ஊராட்சிகள் சட்டம் 202-வது பிரிவில் தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் கலெக்டருக்கு அதிகாரம் இருக்கிறது. சட்டத்தில் என்ன இருக்கிறதோ அதைத் தாண்டி எழுதினால் அந்தப் பிரிவுக்கு நீங்களே வேலை கொடுக்கிறீர்கள்.

கையெழுத்து விஷயம். வருகைப் பதிவு வேறு, தீர்மானப் புத்தகம் வேறு. தீர்மானங்களை எழுதி, சத்தமாக வாசித்து, கடைசி வரிக்குக் கீழே குறுக்குக் கோடு போட்ட பிறகு, அந்தக் கோட்டை ஒட்டித்தான் கையெழுத்து. "நேரமாச்சு, கையெழுத்தைப் போட்டுட்டுப் போங்க, அப்புறம் எழுதிக்கிறோம்" என்று வெற்றுப் பக்கத்தை நீட்டுவார்கள். கேட்காத தீர்மானம் ஏறுவதும் கேட்ட தீர்மானம் காணாமல் போவதும் அந்தப் பக்கத்தில்தான். எழுதி முடிக்கும் வரை இருங்கள், முடித்த பக்கத்தை போனில் படம் எடுங்கள்.

வெள்ளைவேட்டி

மேலே சொன்னதெல்லாம் சரி. "நீ எந்தக் கட்சி?" என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிக் குழுக்கள் பெரும்பாலும் உடைவது அங்கேதான்.

"நாங்கள் நடுநிலை" என்று பேனரில் போட்டால் யாரும் நம்பப் போவதில்லை. குழு தொடங்கும் அன்றே நாலைந்து விதியை ஒரு பக்கத்தில் எழுதி 14 பேரும் கையெழுத்துப் போடுங்கள். கட்சியில் பொறுப்பில் இருப்பவர் குழுவில் பொறுப்பில் இருக்கக் கூடாது. கட்சிக்கு ஓட்டுப் போடுபவர், அனுதாபி எல்லாரும் உறுப்பினராக இருக்கலாம். அதைத் தடுத்தால் ஊரில் ஆளே கிடைக்காது! தேர்தலில் நிற்பவர் மனு தாக்கல் செய்வதற்கு முன்பே விலக வேண்டும், அடுத்த ஒரு வருடம் பொறுப்புக்கு வரக் கூடாது. குழு யாருக்கும் ஆதரவு கேட்காது, யாருக்கும் சால்வை போர்த்தாது, திறப்பு விழாவுக்குப் போய் மேடையில் உட்காராது. விலகுபவர் வாட்ஸ்அப் குழுவின் அட்மின் உரிமையையும் விட வேண்டும். இந்தக் கடைசியைப் பலர் மறக்கிறார்கள். தேர்தல் வந்ததும் 300 எண் உள்ள குரூப் ஒருவர் சொத்தாகிவிடும்.

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள்: குழுவாகப் போகும்போது கரை வேட்டி வேண்டாம். பேனருக்கு நிறம் தேடினால் சிவப்பு, கருப்பு, மஞ்சள், பச்சை, நீலம், காவி எல்லாம் ஏற்கெனவே யாருக்கோ போய்விட்டது. வெள்ளைத் துணியில் கருப்பு எழுத்துதான் மிச்சம். ஒருவரையொருவர் "தோழர்" என்று கூப்பிட்டாலும் கேட்பவர் ஒரு கணக்குப் போடுவார். அண்ணே, அக்கா, ஐயா போதும்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று வரும்போதுதான் சின்னம். ஆகவே தலைவர் தேர்தல் வரும்போது எல்லா வேட்பாளரையும் ஒரே மேடையில் ஏற்றி, ஒரே கேள்விகளைக் கேட்கும் கூட்டம் நடத்தலாம். ஆளுக்கு 5 நிமிடம், பேசும் வரிசை சீட்டுக் குலுக்கி, கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்கி ஒருவரே வாசிப்பது. ஒரு வேட்பாளர் வரவில்லை என்றால் நாற்காலியை காலியாக வைத்துக் கேலி செய்யாதீர்கள், அந்த ஒரு படம் உங்களை எதிரணி ஆக்கிவிடும். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது தேர்தல் நடத்தும் அலுவலருக்கு எழுதி, ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதியும் வாங்கி நடத்துங்கள். துண்டறிக்கையில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இருக்க வேண்டும்.

பதிவு: 14 பேர் மாதாமாதம் கூடிப் பேசுவதற்குப் பதிவு தேவையில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது 7 பேர் இருந்தால் பதிவு செய்யலாம். 20 பேர் ஆகிவிட்டாலோ ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு கட்டாயம். பதிவு செய்தால் வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். இரண்டு வருடம் விட்டுவிட்டால் அபராதத்தோடு அலைய நேரிடும். கணக்கு எழுத ஒரு ஆள் உறுதியாகக் கிடைக்கும் வரை அவசரப்படாதீர்கள்.

சிங்கப்பூர் பணம்: இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் உங்கள் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும், குழு கணக்கில் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் தொடக் கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருப்பதால் இது மாறாது. அனுப்புபவரிடம் பாஸ்போர்ட் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். என்னைக் கேட்டால் முதல் இரண்டு வருடம் வெளிப்பணமே வேண்டாம். ஆளுக்கு மாதம் 50 ரூபாய் போட்டால் ஜெராக்ஸ், தபால், டீ செலவு முடிந்துவிடும்.

தெற்குத்தெரு

இரண்டு பேருக்கும் நன்றி அண்ணே. வரவு செலவைப் பார்க்க மூன்று வருடக் கணக்கு முழுவதையும் ஆர்டிஐ-யில் (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்) கேட்கலாம் என்று எங்களில் சிலர் சொல்கிறார்கள். சரியா?

எம்புக்

வேண்டாம். ஆர்டிஐ-யை முதல் ஆயுதமாக எடுக்கும் குழுவை அலுவலகம் அன்றே எதிரியாகப் பார்க்கும். போதாததற்கு, "மூன்று வருட ஆவணங்கள் அனைத்தும்" என்று கேட்டால் பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்லிக் கடிதம் வரும், அல்லது "நேரில் வந்து பார்வையிடவும்" என்று முடியும்.

ஏற்கெனவே வெளியில் இருப்பதை முதலில் படியுங்கள். ஒவ்வொரு கிராம சபையிலும் படிவம் 30, அதாவது வரவு செலவுச் சுருக்கத்தை, பிளெக்ஸில் எழுதி வைத்து வாசிக்க வேண்டும். அதை நேராக நின்று, எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். மத்திய அரசு தரும் நிதிக்குழு மானியத்தில் என்ன வேலை எடுத்தார்கள், எவ்வளவு செலவு என்பது இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஊராட்சி வாரியாகக் கிடைக்கும். 15-வது நிதிக்குழு காலமான 2021–26-இல் அந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது, 40 சதவீதம்தான் மற்ற வேலைக்கு. இது தெரியாமல் "அந்தப் பணத்தில் ஏன் ரோடு போடவில்லை?" என்று கேட்டால் பற்றாளரே உங்களை மடக்கிவிடுவார்.

அடுத்து ஒரு சுலபமான பயிற்சி. ராத்திரி 7 மணிக்கு நாலு பேர் நாலு ஊருக்கும் போய் மின்கம்பத்தை எண்ணுங்கள். கம்ப எண், விளக்கு இருக்கிறதா, எரிகிறதா என்று மூன்றே கட்டம். படிவம் 30-இல் தெருவிளக்குப் பராமரிப்புக்கு எழுதிய தொகையைப் பக்கத்தில் வையுங்கள். பிளீச்சிங் பவுடரையும் மோட்டார் ரிப்பேரையும் இப்படி எண்ண முடியாது, விளக்கை எண்ண முடியும். அதனால்தான் அதில் தொடங்கச் சொல்கிறேன்.

சிமெண்ட் ரோடு என்றால் டேப் எடுத்துக்கொண்டு போங்கள். வேலை நடந்த இடத்துப் பலகையில் நீளம் 100 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 15 சென்டிமீட்டர் என்று இருந்தால் கான்கிரீட் 45 கன மீட்டர். ஓரத்தில் மண்ணை விலக்கிக் கனத்தை அளந்தால் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், அப்போது 30 கன மீட்டர்தான் ஆகிறது. ஆனால் ஒரு இடத்தில் அளந்து முடிவுக்கு வராதீர்கள். ஓரத்தில் கனம் குறைந்து நடுவில் சரியாக இருக்கலாம். இரண்டு பக்கமும் 20 மீட்டருக்கு ஒரு இடம் வீதம் அளந்து, தேதியோடு எழுதி, டேப் தெரியப் படம் எடுங்கள்.

இப்போது ஆர்டிஐ-க்கு வேலை வந்துவிட்டது. அந்த ஒரு வேலையின் மதிப்பீடு, எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தின் சம்பந்தப்பட்ட பக்கங்கள், பட்டியல் தொகை வழங்கிய ஆணை என்று மூன்று ஆவணம் மட்டும் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "பொதுத் தகவல் அலுவலர்" என்று பதவிப் பெயருக்கு பிடிஓ அலுவலக முகவரியில் அனுப்பினால் போதும். அலுவலகம் தவறு என்றால் 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் அவர்களே சரியான இடத்துக்கு மாற்ற வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் செய்யவில்லை?" என்று கேள்வி கேட்காதீர்கள். ஆவணத்தைக் கேளுங்கள், விளக்கம் தர அவர்களுக்குக் கடமை இல்லை.

அளவு பொருந்தவில்லை என்றால் சபையில் "ஊழல்" என்ற சொல்லை எடுக்காமல், "எம்-புக்கில் 15, தளத்தில் 10, மறு அளவீடு செய்ய வேண்டும்" என்று மட்டும் தீர்மானம் கேளுங்கள். ஊழல் என்றால் ஒருவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சண்டைக்கு வருவார். மறு அளவீடு என்றால் பற்றாளர் எழுதிக்கொள்வார்.

நகராட்சி27

கிராமம் பற்றிய இழைதான், ஆனாலும் நகரத்திலிருந்து படிப்பவர்களுக்காக. நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. 2022-இல் கொண்டுவந்த விதிகளின்படி வார்டு குழுவும், வார்டுக்குள் ஒரு பகுதி மக்கள் கூடும் ஏரியா சபையும் உண்டு. ஏரியா சபைக்கு நாள் குறித்திருக்கிறார்கள்: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. தலைமை வார்டு கவுன்சிலர். வார்டு குழு உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமனம்தான். பெரும்பாலான குறை அங்கிருந்துதான் வருகிறது.

கிராமத்தில் சொன்ன உத்தி அப்படியே இங்கே ஓடாது. கவுன்சிலரே கட்சிச் சின்னத்தில் ஜெயித்தவர், ஆகவே எதைக் கேட்டாலும் கட்சி வாடை அடிக்கும். ஏரியா சபையில் எழுதும் மினிட்ஸின் நகலை ஆணையருக்கும் ஒன்று அனுப்பி வைப்பது நல்லது. நேரம் இன்னொன்று. நகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வரும். செப்டம்பர் 15 சபையில் கேட்ட மழைநீர் வடிகால் பட்ஜெட்டுக்குள் நுழைய வாய்ப்பு இருக்கிறது, ஏப்ரல் 14-இல் கேட்டால் ஒரு வருடம் போச்சு.

தெற்குத்தெரு

கடைசியாக ஒன்று. மனுவுக்கு ஒப்புகை தர மாட்டேன், வைத்துவிட்டுப் போ என்கிறார்கள். என்ன செய்வது?

படிவம்30

வாக்குவாதம் வேண்டாம் தம்பி. அதே மனுவை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்துவிட்டது என்று காட்டும் பக்கத்தை அன்றே பிரிண்ட் எடுத்துவிடுங்கள், சில மாதம் போனால் இணையத்தில் அந்த விவரம் கிடைக்காது. உறைக்குள் வெறும் தாள்தான் இருந்தது என்று பிறகு சொல்லாமலிருக்க, உறை வைக்காமல் மனுவையே மூன்றாக மடித்து ஒட்டி, வெளிப்பக்கம் முகவரி எழுதி அனுப்புபவர்களும் உண்டு. இன்னொரு நகலை திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் பதிந்தால் மனு எண் கிடைக்கும். அது சுற்றி வந்து அதே பிடிஓ மேசையில்தான் விழும், ஆனால் எண்ணோடு விழும். தீர்மான வரைவின் தலைப்பில் அந்த எண்ணையும் தேதியையும் எழுதிக்கொண்டு போங்கள்.